வாசகர் கேள்வி – பதில்: வீட்டை விட்டுத் தொலைவில் படிக்கும் பிள்ளைகள்

தில்லி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்கள் அவர்களுடைய வேண்டுகோளின்படி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: தில்லியை ஒட்டியுள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். அருணாசலப் பிரதேசம், மிசோரம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த பழங்குடிப் பிள்ளைகள் பலர் எங்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதிக்குள் இந்தியோ ஆங்கிலமோ மட்டுமே பேச வேண்டும், மீறினால் பத்து ரூபாய் அபராதம் என்று இந்தக் கல்வியாண்டில் விதி போட்டுவிட்டார்கள். தேசிய ஒருமைப்பாட்டுக்காக என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டாரோடு பேசக் கைப்பேசியைக் கொடுக்கும் நேரத்தில், மிசோரத்திலிருந்து வந்த ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வார்டன் பக்கத்தில் வந்ததும் தாயோடு பேசிக்கொண்டிருந்த மொழியை நிறுத்திவிட்டு இந்திக்கு மாறினாள். அந்தத் தாய்க்கு இந்தி தெரியாது. இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள். சீனாவில் திபெத்திய, உய்குர் மாணவர்களை இப்படித்தான் தொலைதூர நகரங்களுக்குக் கொண்டுபோய்ப் படிக்க வைக்கிறார்கள் என்று படித்தேன். இரண்டும் ஒன்றுதானா?
– ஆசிரியை, மயூர் விஹார்

பதில்: ஒன்றல்ல. உங்கள் பள்ளியில் ஒரு நிர்வாகம் போட்ட விதியை எதிர்த்துப் பேச வழி இருக்கிறது. பெற்றோர் விரும்பினால் பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியும். சீனாவில் அது ஓர் அரசின் கொள்கை. ஆனால் தாய்மொழியை விடுதி வாசலில் விட்டுவிட்டு வந்தால்தான் ஒரு பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை ஆக முடியும் என்கிற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். அந்த எண்ணம் என்ன பலனைத் தந்திருக்கிறது என்பதற்கு உலகில் ஏராளமான அனுபவம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திபெத்தியப் பிள்ளைகளுக்கான வகுப்புகளைச் சீன அரசு தன் உள்மாநில நகரங்களில் 1985-இல் தொடங்கியது. தொடக்கப்பள்ளியை முடித்த, பன்னிரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுத்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பினார்கள். ஆரம்ப ஆண்டுகளில் போனவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் வீட்டு முகம் பார்க்காமலேயே படித்தார்கள். அதே முறையில் 2000-இல் சின்ஜியாங் பகுதியைச் சேர்ந்த, பெரும்பாலும் முஸ்லிம்களான உய்குர் முதலான இனத்து மாணவர்களுக்குப் பெய்ஜிங், ஷாங்காய் உள்ளிட்ட 12 நகரங்களில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கப்பட்டன. முதல் ஓராண்டு ஆயத்தப் படிப்பு, அதன்பின் மூன்றாண்டுப் பள்ளிப் படிப்பு என்பது ஏற்பாடு. இவற்றில் இடம் கிடைக்கப் பெற்றோரிடையே கடும் போட்டி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்ந்த ஆசிரியர்கள், நல்ல ஆய்வகம், பல்கலைக்கழகத்துக்கு ஒரு நேர்வழி ஆகியவை ஏழைக் குடும்பத்துக்குச் சாதாரணமானவை அல்ல. முஸ்லிம் மாணவர்களுக்குத் தனி உணவுக்கூடம்கூட அமைத்துக் கொடுத்தார்கள். ஆனால் பள்ளி வளாகத்துக்குள் தொழுகைக்கு அனுமதி இல்லை. அன்றாட வாழ்க்கை முழுவதும் சீன மொழியில்தான் நடந்தது.

படித்து வெளியே வந்த உய்குர் இளைஞர்களைச் சந்தித்துப் பேசிய ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைப் படித்தால், அரசு எதிர்பார்த்ததற்கு நேர்மாறான ஒன்று அவர்களில் பலருக்கு நடந்திருப்பது தெரிகிறது. சொந்த ஊரில் இருந்தவரை தான் உய்குர் என்பதைப் பற்றித் தனியாக நினைத்துப் பார்க்கத் தேவையில்லாமல் வளர்ந்தவர்கள், பெரிய நகரத்தில் ஒவ்வொரு நாளும் வேற்று ஆளாகப் பார்க்கப்பட்டபோதுதான் அதை ஆழமாக உணர்ந்தார்கள். விடுதி அறையில் தங்கள் மொழியை விடாமல் பேசினார்கள். பல்கலைக்கழகம் போன பிறகு தங்கள் சமயத்தை முன்னைவிட அழுத்தமாகப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஊருக்குத் திரும்பித் தொண்டு செய்வார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களில் பலர் திரும்பவே விரும்பவில்லை. இப்போது இந்த முறை திபெத்துக்கு உள்ளேயே வெகுவாகப் பரவியிருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் திபெத்தியப் பிள்ளைகள் அரசு உறைவிடப் பள்ளிகளில் குடும்பத்தைப் பிரிந்து வாழ்கிறார்கள் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர்கள் மூவர் 2023 பிப்ரவரியில் கவலை தெரிவித்தார்கள். சீன அரசு அதை மறுக்கிறது.

இதைச் சீனாவின் தனிக் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1879-இல் தொடங்கிய கார்லைல் பள்ளியில், பூர்வகுடிப் பிள்ளைகள் வந்து இறங்கியதும் முடியை வெட்டினார்கள், ஆங்கிலப் பெயரைச் சூட்டினார்கள். வருவதற்கு முன்பும் வந்த பின்பும் எடுத்த படங்களை அருகருகே வைத்துத் தங்கள் வெற்றியாக நாடெங்கும் காட்டினார்கள். கனடாவில் ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் இப்படிப்பட்ட பள்ளிகள் வழியே போனார்கள். 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் அதை விசாரித்த ஆணையம், நடந்தது ஒரு பண்பாட்டு இனப்படுகொலை என்றே எழுதியது.

அப்படியானால் விடுதியே கூடாது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. நம் நாட்டுக்கு அகதிகளாக வந்த திபெத்தியர்கள் 1960 முதல் தரம்சாலாவிலும், பின்னர் நம் மைசூருக்கு மேற்கே உள்ள பைலகுப்பே முதலான குடியிருப்புகளிலும் நடத்திவரும் பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து விடுதியில்தான் வளர்ந்தார்கள். அந்த மொழியும் வழிபாடும் அங்கே அழியவில்லை. விடுதி இருந்ததால்தான் பிழைத்தன. தொலைவோ விடுதியோ தானாக ஒரு பிள்ளையைக் கெடுப்பதில்லை. அந்த வாசலுக்குள் வரும்போது எதையெல்லாம் வெளியே வைத்துவிட்டு வரச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி உங்கள் விடுதிக்கு வருகிறேன். மிசோப் பிள்ளையும் சந்தால் பிள்ளையும் ஓர் அறையில் தங்கினால் அவர்களுக்குள் பொதுமொழி ஒன்று தானே வந்துவிடும். அதற்கு அபராதம் தேவையில்லை. அருணாசலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஷி, ஆதி, அபதானி, கலோ என்று பல மொழிக்காரர்கள் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் சந்தித்துக்கொள்ளும்போது இந்தியைப் பேசிப் பழகி, இன்று வடகிழக்கில் இந்தி மிக இயல்பாகப் புழங்கும் மாநிலமாக அது இருக்கிறது. அங்கே அது இப்படிப் பரவியதற்கு முதன்மைக் காரணம் தண்டனை அல்ல. உங்கள் விடுதியில் வசூலாகும் பத்து ரூபாய் அந்தப் பிள்ளைகளுக்கு இந்தியைக் கூடுதலாகக் கற்றுத் தரப்போவதில்லை. தாயோடு பேசும் ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் அது பறிக்கும்.

நிர்வாகத்திடம் பேசும்போது உங்களுக்குத் துணையாக நிற்கும் சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பிரிவினருக்கும் அதைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 17-ஆவது பிரிவில் தடை செய்கிறது. பிள்ளையை அச்சமில்லாமல் வைத்திருப்பது கல்வியின் கடமை என்று 29-ஆவது பிரிவில் சொல்கிறது. முதலில் முதல்வரிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பறையில் பொதுமொழி, அறையிலும் உணவுக்கூடத்திலும் தொலைபேசியிலும் அவரவர் மொழி என்று ஒரு மாற்றை எழுத்திலேயே கொடுங்கள். அதற்கும் செவி சாய்க்காவிட்டால் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம். இந்தச் சட்டத்தைக் கண்காணிப்பது அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொலைபேசி நேரத்தில் பொறுப்பாசிரியையாக இருக்க நீங்களே முன்வந்தால், அடுத்த வாரமே அந்தச் சிறுமிக்கு ஒரு மாற்றம் கிடைக்கும்.

கேள்வி: மத்திய அரசின் உறைவிடப் பள்ளிகளான நவோதயா வித்யாலயங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஓராண்டு வேற்று மொழி மாநிலத்துக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. தேசிய உணர்வை வளர்க்க அது நல்ல வழியாகவே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்நாடு மட்டும் அந்தப் பள்ளிகளை ஏற்காமல் இருப்பது நம் கிராமப் பிள்ளைகளுக்கு இழப்பில்லையா?
– ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர், ஆர்.கே. புரம்

பதில்: அந்தப் பரிமாற்றம் எனக்கும் பிடித்த ஏற்பாடு. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வளர்ந்த இப்பள்ளிகளில், மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், ஆறாம் வகுப்பில் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள்; நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப்புறத்துக்கு. ஒன்பதாம் வகுப்பில் நூற்றுக்கு முப்பது பேர் இந்தி மாநிலத்திலிருந்து இந்தி பேசாத மாநிலத்துக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொள்ளப்படுகிறார்கள். நான் மதிப்பது அதில் இருக்கும் இரு வழிப் போக்கைத்தான். கேரளத்துப் பிள்ளை உத்தரப் பிரதேசத்துக்குப் போனால், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளையும் கேரளத்துச் சோற்றை உண்டு மலையாளப் பேச்சுக்கு நடுவில் ஓராண்டு தூங்கி எழுந்திருக்கிறான். பிள்ளைக்கு வயது பதினான்கை ஒட்டியிருக்கிறது, காலம் ஓராண்டு, முடிந்ததும் சொந்தப் பள்ளிக்கே திரும்பலாம். முந்தைய பதிலில் சொன்ன சீன, அமெரிக்க, கனடியப் பள்ளிகள் எவற்றிலும் இந்த மூன்றும் சேர்ந்து இருந்ததில்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டைப் பற்றி என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம், இந்தி இடம்பெறும் ஒரு பள்ளி முறையை மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை வட்டார மொழியில் கற்பித்துவிட்டு, அதற்கு மேல் கணிதம், அறிவியலுக்கு ஆங்கிலம், சமூகப் பாடங்களுக்கு இந்தி என்று மாறும் முறை அங்கே இருந்துவந்திருக்கிறது. ஆனால் உணவு, தங்குமிடம், புத்தகம் எல்லாம் இலவசமாகத் தரும் ஒரு தரமான பள்ளி, தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ இருக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இல்லாமல் போவது உண்மையான இழப்பு. மறுக்கும் அரசு அதே தரத்தில், அதே எண்ணிக்கையில், தன் சொந்த உறைவிடப் பள்ளிகளைத் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மறுத்ததோடு கடமை முடிந்தது என்று விடக்கூடாது.

இதை ஒட்டி நம்மவர்கள் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் 1997-98 முதல் நடக்கின்றன. பள்ளிக்கு 480 பேர், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அண்மையில் அவற்றுக்கான ஆசிரியர்களை மத்திய அளவில் தேர்ந்தெடுத்தபோது இந்தி அறிவு கட்டாயமாக்கப்பட்டதால், தென் மாநிலப் பள்ளிகளுக்கு அந்த வட்டாரத்து மொழி தெரியாத வடநாட்டு ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைக்கும் கஷ்டம், ஆசிரியருக்கும் கஷ்டம். இதை நாம் தவறு என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் நீலகிரியின் கோத்தர் வீட்டுப் பிள்ளையோ தோடர் வீட்டுப் பிள்ளையோ நம் தமிழ்வழிப் பள்ளியில் வந்து உட்காரும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் அல்ல. பனியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கும் அப்படியே. அவர்களில் எத்தனை பேர் பாடம் புரியாமல் இடையில் நின்றுவிடுகிறார்கள் என்று மலையில் பணிபுரியும் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். தொடக்க நிலையில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் வசதியை ஒவ்வொரு மாநிலமும் செய்ய முயல வேண்டும் என்று அரசமைப்பின் 350-ஏ பிரிவு சொல்வது தில்லிக்கு மட்டும் சொன்னதல்ல, சென்னைக்கும் சேர்த்துச் சொன்னதுதான். அந்த மொழிகளைப் பேசும் ஒருவரையாவது ஒவ்வொரு மலைப் பள்ளியிலும் துணை ஆசிரியராக அமர்த்துவது நம் அரசின் சக்திக்கு மீறிய காரியம் அல்ல.

கேள்வி: எல்லைப்புற மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இளம் வயதிலேயே நாட்டுப்பற்றை ஊட்டாவிட்டால் பின்னால் பிரிவினை எண்ணம் வந்துவிடாதா?
– வணிகர், கரோல் பாக்

பதில்: அவர்களுக்கு நாட்டைப் பற்றித் தெரியாமல் இல்லை, நமக்குத்தான் அவர்களைப் பற்றித் தெரியவில்லை. இந்தத் தில்லியில் 2007-இல் வடகிழக்கு மாணவர்களுக்கென்று காவல்துறை ஒரு கையேடு வெளியிட்டு, எப்படி உடுத்த வேண்டும், மூங்கில் குருத்தும், புளிக்கவைத்த சோயாவான அக்குனியும் சமைத்து அக்கம்பக்கத்தாருக்கு வாடை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அறிவுரை சொன்னது. 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் அருணாசலத்து மாணவர் ஒருவர் கேலிக்கு ஆளாகி, அடிபட்டு இறந்தார். அதன்பின் மத்திய அரசு அமைத்த பெஸ்பரூவா குழு, வடகிழக்கின் வரலாற்றையும் பண்பாட்டையும் நாடு முழுவதும் உள்ள பாடங்களில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாடம் தேவைப்படுவது யாருக்கு என்பதை அந்தக் குழு சரியாகவே கண்டுகொண்டது.

மணிப்பூரைச் சேர்ந்த ராணி கைடின்லியு பதின்மூன்று வயதில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து, 1932-இல் பதினாறு, பதினேழு வயதில் பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்று, நாடு விடுதலை பெறும்வரை சிறையில் இருந்தவர். சந்தால்களின் 1855 எழுச்சி, சிப்பாய்கள் எழுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே நடந்தது. பிர்சா முண்டா 1900-இல் ராஞ்சிச் சிறையில் இறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட முழுமையாகவில்லை. இவர்களை வ.உ.சி.யோடும் பகத் சிங்கோடும் சேர்த்துக் கரோல் பாக் பிள்ளைகளும் படிக்கட்டும். தன் பாட்டன் பூட்டன் கதையை வகுப்பில் எல்லோரும் படிக்கிறார்கள் என்று காணும் மணிப்பூர்ப் பிள்ளைக்கு நாட்டுப்பற்றைத் தனியாக ஊட்ட வேண்டியிருக்காது.

கேள்வி: என்னோடு அலுவலகத்தில் பணிபுரியும் சந்தால் நண்பர் ஒருவர், ஜார்க்கண்டின் தும்காவில் இருக்கும் தம் அண்ணன் மகளைத் தில்லி உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்க்க விரும்புகிறார். அவளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் என்ன ஆலோசனை சொல்லலாம்?
– துவாரகா

பதில்: ஒன்பது வயதில் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். இதில் தமிழர்களாகிய நமக்கு வருத்தத்தோடு நினைவில் வைக்க வேண்டிய ஒரு வரலாறு உண்டு. இலவசப் படிப்பு என்று சொல்லி அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தமிழ்நாட்டு விடுதிகளுக்குக் கொண்டுவந்து மோசமான நிலையில் வைத்திருந்தது அம்பலமானபோது, உச்ச நீதிமன்றம் 2010 செப்டம்பரில் தலையிட்டு, அவ்விரு மாநிலங்களிலிருந்தும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளையும் படிப்புக்காக வெளிமாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவிட்டது. ஜார்க்கண்டுக்கு அந்த உத்தரவு பொருந்தாவிட்டாலும் அதிலுள்ள வயது வரம்பு நல்ல வழிகாட்டி. ஐந்தாம் வகுப்பை முடித்து, பன்னிரண்டு வயதும் ஆகும்வரை தும்காவிலேயே படிக்கட்டும்; 2003 முதல் சந்தாலி அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி, ஓல் சிக்கி எழுத்தும் அதற்கு உண்டு, அவள் அதை எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டு வரட்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் நம் பிள்ளைகள் தமிழையும் படித்துக்கொண்டு இந்தியும் பேசி வளர்வதை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். ஒன்றைக் கற்க இன்னொன்றை விடத் தேவையில்லை என்று அவருக்கும் தைரியம் வரும்.

அதன்பின் பள்ளியைத் தேடும்போது விளம்பர ஏட்டைப் பார்க்காமல் நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் பேசுகிறார்கள், பேச பயப்படுகிறார்களா, வீட்டிலிருந்து வந்த ஊறுகாயை மேசையில் வைத்துச் சாப்பிட முடிகிறதா என்று கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சோஹ்ராய்ப் பண்டிகைக்கு ஊருக்கு அனுப்புவார்களா, வாரத்தில் எத்தனை முறை வீட்டோடு பேசலாம், அவள் பழங்குடிப் பிள்ளை என்பதை விளம்பரப் படங்களிலும் நன்கொடைக் கோரிக்கைகளிலும் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஆம் என்று பதில் வந்தால் அந்தப் பள்ளி வேண்டாம். அதே ஊரிலிருந்து வந்த இன்னொரு பிள்ளையாவது அங்கே இருப்பது நல்லது. தனி ஒருத்தியாக இருக்கும் பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் வாடிப்போகிறாள்.

சேர்ப்பதற்கு முன்பே, நடுவாண்டில் திரும்ப வேண்டி வந்தால் மாற்றுச் சான்றிதழை உடனே தருவதாகவும், மீதிக் கட்டணத்தைத் திருப்புவதாகவும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தும்காப் பள்ளியிலும், ஓராண்டுக்குள் வந்தால் மீண்டும் இடம் தருவீர்களா என்று அண்ணனைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அவளிடமும் அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தால், புது இடத்தில் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்க அவளுக்கு மனம் வரும்.